சிந்துபாத்தின் எலும்புக்கூடு

தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தது 1979இல். அதற்கு முந்திய காலத்துச் சிறுவன் நான். எங்களூரில் அசையும் படம் என்றால் ஒரேயொரு படமாளிகைதான். தமிழ்ப் படமும் ஹிந்திப் படமும் மாறி மாறி ஓடும் அந்தத் தகரக் கொட்டகையில், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு ஆங்கிலப் படமொன்று வரும். கொழும்பில் ஓடி, கண்டியில் ஓடி, ஊரூராய்த் திரிந்து கடைசியாக எங்களிடம் வந்து சேரும் பிரதி. திரையில் விடாமல் மழை பெய்யும். இடையில் இரண்டு தடவையாவது சுருள் அறும். கலரியிலிருந்து விசில் பறக்கும்.

அப்படியொரு காலையில்தான் வாப்பா என்னை 'சிந்துபாத்தின் ஏழாவது பயணம்' பார்க்கக் கூட்டிப்போனார். படம் 1958இல் வெளிவந்தது. எங்களூருக்கு அது வந்தபோது எனக்குப் பத்து வயது. ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆட்டுக்கால்களோடு ஒற்றைக்கண் பூதமொன்று குகைக்குள்ளிருந்து வந்தது. இரட்டைத் தலைப் பறவை வந்தது. கடைசிப் பகுதியில், மந்திரவாதி சொன்னதும், சங்கிலியில் தொங்கிய ஒரு மனித எலும்புக்கூடு இறங்கி, வாளும் கேடயமும் ஏந்தி, சிந்துபாத்தோடு மோதத் தொடங்கியது. நான் வாப்பாவின் சாரன் மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். சுழல் படிக்கட்டில் ஏறி ஏறிச் சண்டை நடந்தது. உச்சியிலிருந்து அது விழுந்து நொறுங்கியபோது கலரி முழுவதும் எழுந்து நின்றது.

வீட்டுக்கு நடந்து வரும்போது வாப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், லயம் லயமாகக் கடனுக்கு விற்றுவரும் வியாபாரி அவர். கொப்பியில் எழுதிய கடனில் கணிசமான பங்கு திரும்பி வராது. பள்ளிவாசல் சந்தி தாண்டியதும் சொன்னார்:

"சிந்துபாத் வாள்காரனில்ல மகன். அவன் யாவாரி. கப்பல் ஒடஞ்சா பலகயப் புடிச்சிட்டுக் கரைக்கி வந்து சேர்ற மனிசன். வாளு புடிக்க அவனுக்கு எங்க நேரம்?"

அந்த எலும்புக்கூடும் வாப்பாவின் அந்த வார்த்தையும் இத்தனை வருடமாக என்னை விட்டுப் போகவில்லை. கணினியில் பிறந்த எத்தனையோ பூதங்களைப் பின்னர் பார்த்துவிட்டேன். எதுவும் மறுநாட் காலைவரை என்னோடு தங்கியதில்லை. அந்த எலும்பனிடம் அப்படி என்ன இருந்தது என்ற கேள்வி, அதை ஆடவைத்த மனிதனின் வரலாற்றுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

அவர் பெயர் ரே ஹரிஹவுசன். 1920ஆம் ஆண்டு ஜூன் 29இல் லொஸ் ஏஞ்ஜலீஸில் பிறந்தவர். 1933இல், பதின்மூன்று வயதில், 'கிங் கொங்' படத்தைப் பார்த்தார். அந்த ஒரு பிற்பகலோடு அவருடைய வாழ்க்கை தீர்மானமாகிவிட்டது எனலாம். கிங் கொங்கை ஆட்டிவைத்தவர் வில்லிஸ் ஓ'பிரையன். 1925இலேயே 'தொலைந்த உலகம்' என்ற மௌனப் படத்தில் டைனோசர்களை நடமாட விட்டவர். கோபுரமளவு தெரிந்த அந்தக் குரங்கு உண்மையில் ஒன்றரை அடிப் பொம்மை. முயல் தோல் போர்த்தியது. ஒவ்வொரு சட்டத்துக்கும் விரல் பட்டுப் பட்டு அதன் உரோமம் கலைந்துபோனதால், திரையில் கொங்கின் மேனி முழுவதும் காற்றடித்ததுபோல் சிலிர்த்துக்கொண்டேயிருக்கும். அது கோபத்தின் சிலிர்ப்பு என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. எனக்கோ அந்தப் படத்திலேயே பிடித்த விடயம் அந்த உரோமம்தான். தெரியக்கூடாதென்று நினைத்த கை, தன்னையறியாமல் தெரிந்துவிட்ட இடம் அது.

ஹரிஹவுசன் வீட்டுக் கராஜில் பொம்மை செய்யத் தொடங்கினார். தகப்பன் இயந்திரத் தொழிலாளி. மகனின் பொம்மைகளுக்கு உலோக எலும்புகளைக் கடைந்து கொடுத்தார், இறக்கும்வரை. தாய் சின்னஞ்சிறு ஆடைகள் தைத்தார். பிற்காலத்தில் பெரும் எழுத்தாளரான ரே பிராட்பரி இளமைக்காலத் தோழர். இருவரும் டைனோசர்களை வாழ்நாள் முழுதும் விடுவதில்லை என்று முடிவெடுத்தவர்கள். இருவருமே முடிவைக் காப்பாற்றினார்கள். ஓ'பிரையனிடமே உதவியாளராகச் சேர்ந்து 1949இல் 'மைட்டி ஜோ யங்' படத்தில் வேலை செய்தார் ஹரிஹவுசன். 1953இல் 'இருபதாயிரம் பாகத்தின் அடியிலிருந்து வந்த விலங்கு' அவர் தனியாகப் பொறுப்பேற்ற முதற் படம்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் 'பொம்மைப் படம்' என்ற ஒரு சொல்லில் அதைக் கடந்துவிடுகிறோம்.

ஒரு விநாடி சினிமாவுக்கு 24 படச்சட்டங்கள். பொம்மையை இம்மியளவு நகர்த்த வேண்டும், ஒரு சட்டம் எடுக்க வேண்டும். மீண்டும் நகர்த்த வேண்டும், மீண்டும் ஒரு சட்டம். பொம்மைக்குள்ளே, பந்தும் கிண்ணமுமாகப் பொருந்திய மூட்டுகள் கொண்ட உலோகச் சட்டகம் இருக்கும். அதன் மேல் அச்சில் வார்த்து அடுப்பில் வேகவைத்த நுரை இறப்பர், தசையும் தோலுமாக இருக்கும். ஒரு கையை உயர்த்தும்போது தோள் எவ்வளவு சாயும், பாரம் எந்தக் காலுக்கு மாறும், வால் எந்தப் பக்கம் வளையும், இதற்கு முந்திய சட்டத்தில் எது எங்கே நின்றது என்பதெல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். நடுவில் தொலைபேசி மணியடித்துக் கவனம் சிதறினால் அன்றைய வேலை முழுவதும் போயிற்று. திரும்பிப் பார்த்துத் திருத்துவதற்கு வழியில்லை. சுருளைக் கழுவி வந்த பிறகுதான் பிழை தெரியும்.

இதோடு முடியவில்லை. பூதம், மனிதர்களுக்கு நடுவே நிற்க வேண்டும். ஓ'பிரையன் இதற்குக் கண்ணாடிகளில் காடு மலைகளை ஓவியமாக வரைந்து அடுக்கடுக்காக வைப்பார். அழகு, ஆனால் பெருஞ்செலவு. ஹரிஹவுசன் மலிவான வழியொன்றைக் கண்டுபிடித்தார். நடிகர்களை வைத்து முதலில் எடுத்த காட்சியை, ஒரு சிறு திரையில் பின்புறமிருந்து ஒவ்வொரு சட்டமாக விழுத்துவார். அத்திரைக்கு முன்னால் பொம்மை நிற்கும் மேசை. மேசைக்கும் கமராவுக்கும் இடையில் ஒரு கண்ணாடி. படத்திலுள்ள நிலத்தின் விளிம்பை ஒட்டி, மேசை மறையும்படி, கண்ணாடியின் கீழ்ப்பாகத்துக்குக் கறுப்பு மை பூசிவிடுவார். பொம்மையை ஆட்டி முழுக் காட்சியையும் எடுத்து முடிந்ததும் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, இப்போது மேற்பாகத்தை மறைத்து, முன்பு மறைத்த கீழ்ப்பாகத்தை மட்டும் அதே சுருளில் மறுபடி பதிவார். இரண்டும் விளிம்போடு விளிம்பு பொருந்தும்போது, பூதத்துக்குப் பின்னாலும் மனிதன் ஓடுவான், முன்னாலும் ஓடுவான். நடுவில் அது நிற்கும். இந்த முறைக்குத் தயாரிப்பாளர் சார்ள்ஸ் ஷ்னியர் 'டைனமேஷன்' என்று பெயர் வைத்தார். தன்னுடைய பியூக் காரின் முகப்பில் 'டைனாப்ளோ' என்றிருந்த எழுத்தைப் பார்த்துத் தோன்றிய பெயராம். விளம்பரப் பலகைகளில் அந்தச் சொல் பெரிதாக இருக்கும். வேலை செய்தவரின் பெயர் சிறிதாகவே இருக்கும்.

'ஏழாவது பயணம்' இவ்வாறு வண்ணத்தில் அவர் செய்த முதற் படம். பல வருடங்களுக்கு முன்பே சுழல் படிக்கட்டில் சிந்துபாத்தும் எலும்புக்கூடும் பொருதும் காட்சியைக் கரிக்கோலால் வரைந்து வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். 1955இல் ஹவர்ட் ஹியூஸ் தயாரித்த 'சிந்துபாத்தின் மகன்' தோல்வியடைந்திருந்ததால், சிந்துபாத் என்ற பெயரைக் கேட்டாலே எல்லோரும் கையை விரித்தார்கள். ஷ்னியர் ஒருவர்தான் துணிந்தார். கதாநாயகன் கேர்வின் மத்யூஸ், எலும்புக்கூட்டின் இடத்தில் வாட்பயிற்சி ஆசிரியர் ஒருவரை நிறுத்தி, அடிக்கு அடி எண்ணிப் பழகினார். பிறகு ஆசிரியர் விலகிக்கொள்ள, வெறுங்காற்றோடு அதே சண்டையைப் போட்டார். வாள் எங்கே தடுக்கப்பட வேண்டுமோ அங்கே தானாக நிற்க வேண்டும். பார்வை, இல்லாத மண்டையோட்டின் கண்குழியில் நிலைக்க வேண்டும். அந்த வெற்றிடத்துக்குள்தான் பின்னர் மாதக்கணக்கில் ஹரிஹவுசன் தனியே அமர்ந்து எலும்பனை நிரப்பினார். அச்சண்டை குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று இங்கிலாந்துத் தணிக்கையாளர்கள் அதை வெட்டிவிட்டார்கள். எங்களூர்ப் பிரதியில் அது இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

1963இல் வந்த 'ஜேசனும் ஆர்கனோட்களும்' படத்தில் ஒன்று ஏழாகியது. மூன்று மனிதர்களோடு ஏழு எலும்புக்கூடுகள். அந்தச் சில நிமிடக் காட்சிக்கு நாலரை மாதம் பிடித்தது. ஒரு நாளில் பதின்மூன்று சட்டங்கள்தான் நகர்ந்தன, அதாவது அரை விநாடி. காலையிலிருந்து மாலைவரை ஒரு மனிதன் குனிந்தும் நிமிர்ந்தும் உழைத்ததை நாம் கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் பார்த்து முடித்துவிடுகிறோம். அந்த ஏழில் ஒன்று 1958இன் பழைய எலும்பன்தான். தூசு தட்டி மறுபடி வேலைக்கு எடுத்தார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். உயிருள்ள ஒன்றைப் படமெடுக்கும்போது, ஷட்டர் திறந்திருக்கும் கணத்துக்குள்ளும் அது அசைகிறது. ஆகவே ஒவ்வொரு சட்டத்திலும் சிறிது கலங்கல் இருக்கும். அந்தக் கலங்கல்தான் நம் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரிகிறது. பொம்மையோ எடுக்கும் கணத்தில் அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு சட்டமும் கண்ணாடிபோல் துல்லியம். அதனால் ஓடவிடும்போது ஒரு துடிப்பு, ஒரு வெட்டு. தொழினுட்ப நோக்கில் இது குறை. 1981இல் 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காக பில் டிப்பெற்றும் சகாக்களும் மோட்டார்களைப் பூட்டி, ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மையை அசையவைத்து இக்குறையைத் தீர்த்தார்கள். 1993இல் 'ஜுராசிக் பார்க்' வந்தபோது அந்த மோட்டாருக்கும் வேலையில்லாமற் போயிற்று. கணினி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்தத் துடிப்புதான் என்னைப் பிடித்துவைத்தது என்று நினைக்கிறேன். கனவில் வருகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். இருக்கிறது, ஆனால் இங்குள்ளதல்ல என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மிகவும் தத்ரூபமாக்கினால் கற்பனை தன் கனவுத்தன்மையை இழந்துவிடும் என்பது ஹரிஹவுசனே பல செவ்விகளில் சொன்ன கருத்து. இது தன் குறைக்குச் சொன்ன சமாதானம் என்று ஒருவர் வாதிடலாம். நான் அப்படி எடுக்கவில்லை. அவருடைய பூதங்கள் வெறுமனே அசைவதில்லை, நடிக்கின்றன. ஒற்றைக்கண்ணன் ஒரு மாலுமியைக் கோலில் கட்டி நெருப்பில் வாட்டும்போது நாக்கால் உதட்டை நனைப்பான். சாகும்போது அதனதன் வலி அதனதன் உடம்பில் தெரியும். 1957இல் வந்த 'பூமிக்கு இருபது மில்லியன் மைல்' படத்தின் வேற்றுக்கிரக விலங்கு ரோமின் கொலோசியத்திலிருந்து விழுந்து சாகும்போது, அது கொடுமைக்காரன் அல்ல, வழி தவறி வந்தது என்ற துக்கம் மிஞ்சும். ஒரே மனிதர் ஒரு பொம்மையோடு மாதக்கணக்கில் தனியே கிடந்தால், அந்தப் பொம்மைக்குள் அவருடைய பொறுமையும் களைப்பும் சிறிது போய்த்தானே ஆகும்? நூற்றுக்கணக்கானோர் பங்கிட்டுச் செய்யும் கணினிப் பூதத்துக்கு இந்த ஒற்றை ஆளின் கைநடுக்கம் கிடைப்பதில்லை. அது அவர்களுடைய குற்றமல்ல.

இனி வாப்பாவின் பக்கம்.

நான் பிற்காலத்தில் 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலைத் தேடி வாசித்தபோது வாப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. சிந்துபாத் வியாபாரி. பஸ்ராவில் சரக்கேற்றிக் கப்பலேறுபவன். பயத்தை மறைக்காதவன், ஒவ்வொரு பயணத்திலும் இனிப் போவதில்லை என்று சபதமெடுத்து அடுத்த பருவக்காற்றுக்குச் சரக்குக் கட்டுபவன். மூன்றாம் பயணத்தில் மாலுமிகளைத் தின்னும் அரக்கனை, அவனுடைய இரும்புக் கோலையே பழுக்கக் காய்ச்சிக் குருடாக்குகிறான். ருக் பறவையின் காலில் தலைப்பாகையால் தன்னைக் கட்டிக்கொண்டு பறக்கிறான். எல்லாம் உயிர் தப்பும் உபாயங்கள், வீரம் அல்ல. இந்தக் கதைகள் ஆதியில் இரவுகளின் பகுதியே அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. 1704இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கிய அன்ட்வான் கலான்தான், தனியாகக் கிடைத்த சிந்துபாத் கதைகளை அதனோடு சேர்த்தார். அரபு மாலுமிகள் துறைமுகத்துக்குத் துறைமுகம் காவிவந்த கதைகளின் திரட்டு அது. பத்தாம் நூற்றாண்டில் புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் தொகுத்ததாகச் சொல்லப்படும் 'அஜாயிபுல் ஹிந்த்' நூலிலும் இதே கடல், இதே பிரமாண்டப் பறவை, இதே உடைந்த மரக்கலங்கள்.

ஆறாம் பயணத்தில், மலைக்குள் பாயும் ஓர் இருண்ட ஆற்றில் தெப்பத்தில் மிதந்து, மயங்கிக் கிடந்து, கண்விழிக்கும்போது அவன் எங்கே நிற்கிறான்? ஸரந்தீபில். நம்முடைய தீவில். இங்குள்ள அரசன் அவனை உபசரித்து, ஹாரூன் அர்-ரஷீதுக்குப் பரிசுகளும் கொடுத்தனுப்புகிறான். ஆதம் மலைக்கும் அவன் போய்வருகிறான். ஹரிஹவுசன் மூன்று சிந்துபாத் படங்கள் செய்தார். 1958, 1973, 1977. மூன்றிலும் ஸரந்தீப் இல்லை. அதற்குப் பதில் கொலோஸா என்று ஒரு கற்பனைத் தீவு, கடைசிப் படத்தில் வடதுருவப் பக்கமாக ஹைப்பர்போரியா. எனக்கு இதில் இன்னும் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு.

1973இன் 'சிந்துபாத்தின் பொற்பயணம்' போகும் இடம் எது தெரியுமா? இலெமூரியா! 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர், இலெமூர் இனக் குரங்குகளின் பரம்பலை விளக்கக் கற்பனை செய்த நிலப்பரப்பு. தமிழறிஞர்கள் சிலர் அதைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பெருமிதம் கொண்டார்கள். நிலத்தட்டுகளின் நகர்வு நிறுவப்பட்டதும் விஞ்ஞானம் அதைக் கைவிட்டுவிட்டது. ஹொலிவூட் அங்கே பச்சைநிறக் காட்டுமனிதரையும் ஆறு கையுள்ள காளி சிலையையும் கொண்டுபோய் வைத்தது. மந்திரவாதி ஏவ அச்சிலை முதலில் ஆடுகிறது, பின்னர் ஆறு வாள்களோடு சண்டையிடுகிறது. அசைவுக் கலையாக அது ஓர் அற்புதம். ஆறு கைகளையும் ஆறு திசையில் ஞாபகம் வைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அது நம் அயலவர்கள் கும்பிடும் தெய்வத்தின் உருவம். பக்தாதை விளையாட்டுச் சாமானாக்கிவிட்டார்கள் என்று குறைப்படும் நாம், அந்தக் காட்சிக்குக் கைதட்டியதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நானும் தட்டினேன்.

இந்தப் படங்களை ஒரேயடியாகக் கீழைத்தேயவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. அரைகுறை உண்மைகளும் வாய்க்கு வந்த பெயர்களும் நிறைந்தவைதாம். ஆயினும் அவற்றின் நாயகன் பக்தாத்காரன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கப்பலைச் செலுத்துபவன். 'பொற்பயணம்' படத்தில், இறைவனில் நம்பிக்கை வை, ஆனால் ஒட்டகத்தையும் கட்டிவை என்ற பொருள்பட அவன் பேசுகிறான். நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஹதீஸின் எதிரொலி. ஜக் ஷாஹீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2001இல் வெளியிட்ட நூலொன்றில் தொளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹொலிவூட் படங்களை ஆராய்ந்து, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அரபிகளை இழிவாகவே காட்டின என்று நிறுவினார். அந்தப் பட்டியலின் இருளுக்குள் வைத்துப் பார்க்கும்போது, ஒரு வெள்ளைக்கார நடிகன் தாடி ஒட்டிக்கொண்டு வந்த சிந்துபாத்கூட ஒரு சிறு விளக்காகத்தான் எனக்குத் தெரிகிறான்.

தமிழுக்கு இந்தப் படம் விட்டுச்சென்ற ஒன்றும் உண்டு. 'தினத்தந்தி'யில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' சித்திரக்கதையை நினைத்துப் பாருங்கள். மந்திரவாதி மூசா, இளவரசி லைலாவைச் சிறு பொம்மையளவாகச் சுருக்கிவிடுகிறான். அவளை மீட்கச் சிந்துபாத் கடல்கடலாக அலைகிறான். 'ஏழாவது பயணம்' படத்திலும் மந்திரவாதி இளவரசியைச் சுண்டுவிரலளவு ஆக்குகிறான். அவளை மீட்கத்தான் பயணம். இரவுகளின் சிந்துபாத் கதையில் இப்படியொரு சம்பவம் கிடையாது. இரண்டாண்டு இடைவெளியில் வந்த இந்த ஒற்றுமை தற்செயல் என்று நான் நம்பவில்லை. படம் ஒன்றரை மணித்தியாலத்தில் லைலாவின் அக்காவைப் பழைய உருவுக்குக் கொண்டுவந்துவிட்டது. தினத்தந்தியோ அறுபது வருடத்துக்கு மேலாகியும் கதையை முடிக்கவில்லை. சந்திக்கடையில் பழைய பேப்பரில் சுற்றிய பருப்பை வாங்கி வந்து, பருப்பைக் கொட்டிவிட்டுச் சிந்துபாத்தைத் தேடிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

1977இல், மூன்றாவது சிந்துபாத் படமும் 'ஸ்டார் வோர்ஸ்' படமும் ஒரே வருடத்தில் வந்தன. எது வென்றது என்று சொல்லத் தேவையில்லை. 1981இல் 'டைட்டன்களின் மோதல்' படத்தோடு ஹரிஹவுசன் ஓய்வெடுத்துக்கொண்டார். மெதூசாவைக் கூந்தலின் ஒவ்வொரு பாம்போடும் ஆட்டிவிட்டுத்தான். போட்டிப் பிரிவில் ஓர் ஒஸ்காரும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1992இல்தான் தொழினுட்பப் பங்களிப்புக்கான கௌரவ விருதொன்றைக் கொடுத்தார்கள். 2001இல் 'மொன்ஸ்டர்ஸ் இன்க்' படத்தில் ஓர் உணவகத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள், கணினிக்காரர்கள். 2008இல் 'ஏழாவது பயணம்' அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2013 மே 7இல் லண்டனில் அவர் காலமானார். பொம்மையைத் தொட்டுத் தொட்டு ஆட்டும் கலை அவரோடு போய்விடவில்லை. கில்லர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ' 2023இல் ஒஸ்கார் வென்றது அதே பழைய வழியில்தான். அவருடைய பொம்மைகளைப் பாதுகாப்பவர்களுக்குப் பெரிய தலையிடி, நுரை இறப்பர் காலப்போக்கில் காய்ந்து உதிர்வது. தோலும் தசையும் போய், தகப்பன் கடைந்து கொடுத்தது போன்ற உலோக எலும்புகள் மட்டும் மிஞ்சுகின்றன.

கடைசியாக ஒன்று. 2003 ஏப்ரல். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பக்தாத் எரிந்துகொண்டிருந்தது. நூதனசாலையைச் சூறையாடினார்கள், தேசிய நூலகம் தீப்பற்றியது. வாப்பாவுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மூட்டையையும் கொப்பியையும் வைத்துவிட்டுப் பல வருடங்கள். செய்தியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பழைய சிந்துபாத் படம் எங்கேயாவது எடுக்கலாமா என்று கேட்டார். கண்டியிலிருந்து இறுவட்டொன்று வாங்கிவந்து போட்டேன். மழை பெய்யாத, சுருள் அறாத பிரதி. கப்பல் பக்தாதுக்கு வந்தது. கலீபாவின் மாளிகை, நுண்ணிய செதுக்கல்கள் நிறைந்த வளைவுகள், மெல்லிய தூண்கள்.

"இது பக்தாதா மகன்?"

"இல்ல வாப்பா. ஸ்பெயின். கிரனடாவுல அல்ஹம்ரா. அங்க போய்த்தான் எடுத்தீக்கிறாங்க."

"அப்ப பக்தாத் எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. படம் ஓடியது. இரட்டைத்தலைப் பறவைக்கு அவர் அசையவில்லை. ஒற்றைக்கண்ணனுக்கு இலேசாகச் சிரித்தார். மந்திரவாதி கையை உயர்த்தி, எலும்பன் சங்கிலியிலிருந்து இறங்கி வந்தபோது மட்டும் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். சண்டை முடிந்தது.

"அந்த எலும்பன் வார எடத்த இன்னொருக்காப் போடு மகன்" என்றார்.